குடும்பப் படத்தில் எங்கள் வீமனும் நிற்க வேண்டும்: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

கோண்டாவில் மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இவ்வாண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து அண்ணாவின் குடும்பமும் லண்டனிலிருந்து தங்கையின் குடும்பமும் வருகின்றன. அப்பா, அம்மா, நாங்கள் மூவர், எங்கள் துணைகள், பிள்ளைகள் எனப் பதின்மூன்று பேர். குடும்பம் முழுவதும் ஒரே வளவில் நிற்பது 2014க்குப் பின்னர் இதுவே முதல் தடவை. ஆகவே முறையாக ஒரு குடும்பப் படம் எடுப்பதென்று முடிவு செய்தோம். அந்த முடிவோடு சிக்கலும் தொடங்கிவிட்டது. வீமன் நிற்காத படத்தில் தானும் நிற்கப்போவதில்லை என்று அப்பா சொல்லிவிட்டார்.

வீமன் எட்டு வயதான கறுப்பு ஊர்நாய். தங்கை திருமணமாகிப் போன இரண்டாம் மாதம் அப்பா அவனைக் குட்டியாக மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பகலில் மாமரத்தடியில் கட்டி நிற்பான், இரவில் அவிழ்த்துவிடுவோம். அப்பாவின் குரலைத் தவிர வேறு எவருடைய குரலுக்கும் அவன் ஒழுங்காகக் கீழ்ப்படிந்தது கிடையாது. வரவிருக்கும் எட்டுப் பேரையும் அவன் நேரில் கண்டதில்லை. அண்ணாவின் பிள்ளைகள் அவனை வீடியோ அழைப்பில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். கடைக்குட்டிக்கு மூன்று வயது. அண்ணியைச் சிறு வயதில் நாய் கடித்ததால், நாய் நிற்கும் பக்கத்துக்கே அவர் வரமாட்டார்.

அம்மாவின் எதிர்ப்பு வேறு வகையானது. இந்தப் படம் விறாந்தையில் அம்மம்மாவின் மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் தொங்கப்போகிறது என்றும், அங்கே ஒரு நாய் நிற்பதை வருகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றும் கேட்கிறார்.

நாங்கள் முதலில் பேசிய ஸ்ரூடியோவில் நாயை உள்ளே விட முடியாது என்றார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. இன்னொரு படப்பிடிப்பாளர் வீட்டுக்கு வருவதற்கு உடன்பட்டிருக்கிறார். ஆனால் அவருக்குத் திருமண வீடுகளில்தான் பழக்கம். நாயைப் படம் எடுத்ததில்லை. எங்கள் போன்களில் உள்ள வீமனின் படங்கள் எல்லாவற்றிலும் ஒரு கறுப்புப் பொட்டலமும் இரண்டு பச்சை விளக்குகளுமே தெரிகின்றன. இடம், நேரம், நாயை நிறுத்தும் முறை ஆகியவற்றைப் பற்றி அனுபவமுள்ளவர்கள் எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.

---

இருபது வருடக் கமரா எழுதியது:

வணக்கம் தங்கச்சி. ஸ்ரூடியோ கிடைக்காமற் போனது நல்லதாயிற்று. அறிமுகமில்லாத அறை, வழுக்கும் தரை, கண்ணைக் கூசவைக்கும் பெரிய விளக்குகள் ஆகியவற்றுக்கு நடுவில், வளவிலேயே வளர்ந்த ஒரு நாய் ஒரு நிமிடமும் அமைதியாக நிற்காது. அவன் வழமையாகப் படுக்கும் இடத்துக்கு நீங்கள் எல்லோரும் போவதே சரியான முறை.

முதலில் அந்தப் பச்சை விளக்குகளைப் பற்றிச் சொல்கிறேன். நாயின் விழித்திரைக்குப் பின்னால், உள்ளே வரும் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. இருட்டில் நாய்க்கு நம்மைவிட நன்றாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். கமராவின் பிளாஷ் வில்லைக்கு அருகிலேயே இருப்பதால், அந்த வெளிச்சம் கண்ணுக்குள் போய் நேராகக் கமராவுக்கே திரும்பி வருகிறது. ஆகவே கமராவில் பூட்டிய பிளாஷ் வேண்டாம் என்று படப்பிடிப்பாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கறுப்புப் பொட்டலத்துக்குக் காரணம் வேறு. கமரா தான் காணும் காட்சி முழுவதையும் நடுத்தரமான ஒரு சாம்பல் நிறமாக எண்ணிக்கொண்டே வெளிச்சத்தை அளக்கிறது. வெள்ளைச் சுவரும் வெள்ளை வேட்டிகளும் படத்தை நிறைத்தால், வெளிச்சம் கூடிவிட்டதென்று கருதி அது தானாகவே குறைத்துவிடும். அப்போது மனிதர் முகமே சற்று மங்கும். கறுப்பு நாயின் முகம் முற்றாக மறைந்துபோகும். ஆகவே சுண்ணாம்புச் சுவரை விட்டு, செடிகொடியையோ பழைய மரக்கதவையோ பின்னணியாக வையுங்கள். வெளிச்ச அளவைக் கையால் சரிசெய்து, கமரா கண்டதை அப்படியே வைத்திருக்கும் றோ வடிவில் பதிவுசெய்தால், பிறகு நிழற்பகுதியை ஓரளவு மீட்டெடுக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது பக்கவெளிச்சம். கறுப்பு மயிரில் நிறம் இல்லை, மினுக்கம்தான் உண்டு. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்ந்து விழும்போது அந்த மினுக்கமே கன்னத்தையும் நெற்றியையும் நமக்குக் காட்டிக்கொடுக்கிறது.

வீடு கிழக்குப் பார்த்ததென்றால் மாலை ஐந்து மணிக்குப் பின்னர் எடுங்கள். அந்நேரத்தில் வீட்டின் நிழல் முன்முற்றத்தில் விழுந்திருக்கும். மேலே வானம் திறந்திருப்பதால் வெளிச்சம் மென்மையாக வரும். மேற்குப் பார்த்த வீடென்றால் காலை ஏழு மணியளவில் அதே வசதி கிடைக்கும். அது சோளகக் காற்றுக் காலம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். சேலைத் தலைப்புகளும் புழுதியும் சேர்ந்து பறக்கும். வீட்டின் காற்று மறைவான பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள், முற்றத்துக்கு முன்கூட்டியே தண்ணீர் தெளித்துவிடுங்கள். ஆனால் கோண்டாவில் செம்மண்ணில் தண்ணீரைக் கூடுதலாகத் தெளித்தால், வீமனின் கால்கள் உங்கள் வேட்டிகளில் எழுதும் எழுத்தை எவராலும் அழிக்க முடியாது.

அப்பாவைக் கதிரையில் இருத்தி, அவருடைய காலடியில் ஒரு பாயை விரித்து வீமனைப் படுக்க விடுங்கள். பின்னால் மூன்று வரிசை நின்றால், எல்லோரும் தெளிவாக விழுவதற்கு வில்லைத் துளை எஃப் 8 அளவில் இருக்க வேண்டும். நாய் தலையைத் திருப்பும் வேகத்துக்கு 250இல் ஒரு பங்கு செக்கனுக்குக் குறையாத ஷட்டர் வேகமும் தேவை. மாலை வெளிச்சத்தில் இவ்விரண்டும் சேர்ந்து கிடைக்க வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ என்னும் ஒளியுணர்திறனைக் கூட்டத்தான் வேண்டும். சிறிது பொரிப்பொரியாக வருவதற்குப் பயப்பட வேண்டாம். கமராவை நின்ற உயரத்திலிருந்து கீழ்நோக்கிப் பிடிக்காமல், அப்பாவின் மார்பு உயரத்துக்கு இறக்கச் சொல்லுங்கள். நாயைக் கூப்பிடுவது ஒரேயொருவராக இருக்க வேண்டும். பதின்மூன்று பேரும் "வீமன், வீமன்" என்று கத்தினால் அவன் பதின்மூன்று திசையிலும் பார்ப்பான். கமராவுக்குப் பின்னால் ஒருவர் அவித்த கோழித் துண்டுடன் நிற்கட்டும்.

மனிதர்களை மட்டும் வைத்து எல்லாப் படங்களையும் முதலில் எடுத்து முடித்துவிடுங்கள். நாயைக் கடைசியில் கொண்டுவாருங்கள். குழப்பம் நேர்ந்தாலும் கையில் படம் இருக்கும்.

---

கணினிப் பிரியன் எழுதியது:

இவ்வளவு பாடு தேவையில்லை. நாயைத் தனியாக ஒரு படம் எடுத்துக் கணினியில் சேர்த்துவிடலாம். இப்போது போனிலேயே அந்த வேலையைச் செய்கிறார்கள். அண்ணிக்கும் பயமில்லை, சேலைக்கும் கேடில்லை.

---

இருபது வருடக் கமரா எழுதியது:

தம்பி, கமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, ஒரே வெளிச்சத்தில் அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் ஒன்றிலிருந்து மூடிய கண்ணை நீக்கி மற்றதிலிருந்து திறந்த கண்ணைச் சேர்ப்பதை நானும் செய்கிறேன். நாயின் தலையையும் அவ்வாறு மாற்றலாம். வேறொரு நாள், வேறொரு வெளிச்சத்தில் எடுத்த நாயைக் கொண்டுவந்து ஒட்டினால் அதன் நிழலே காட்டிக்கொடுத்துவிடும். நிழலைச் சரிசெய்தாலும், அப்பாவின் கை நாயின் தலையில் பதிந்திருப்பதை எப்படி ஒட்டப்போகிறீர்கள்? அந்தக் கைக்காகத்தானே அவர் இத்தனை பிடிவாதம் பிடிக்கிறார்.

---

ஓய்வுபெற்ற கால்நடைப் போதனாசிரியர் எழுதியது:

மேலே எழுதியவரின் கமரா ஆலோசனைகளில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் நாயைக் கடைசியில் கொண்டுவரும் யோசனை தவறு என்று நினைக்கிறேன். மரத்தடியில் கட்டி நிற்கும் நாய், தன் வளவுக்குள் அறிமுகமில்லாத எட்டுப் பேர் ஒரு மணி நேரம் சிரித்துக் கத்துவதைக் கேட்டுக்கொண்டே நிற்கும். அது சங்கிலியை இழுத்துக் குரைத்துக் களைத்திருக்கும் வேளையில், பிள்ளைகளும் பசியும் சினமுமாக இருக்கும் வேளையில், இரு பகுதியினரையும் ஒரே பாயில் சேர்த்தால் யாருக்கும் நன்மையில்லை. வீமனும் அப்பாவும் முதலில் வந்து அமர்ந்து பத்து நிமிடம் சும்மா இருக்கட்டும். பின்னர் ஒவ்வொருவராக, ஓசையில்லாமல், அவர்களைச் சுற்றி வந்து நில்லுங்கள். நாயை அனுப்பிவிட்ட பிறகு மனிதர் படத்தை எவ்வளவு நேரமும் எடுக்கலாம்.

உண்மையான வேலை படம் எடுக்கும் நாளுக்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும். விருந்தினர் வந்த முதல் இரண்டு நாளும் வீமனை அவர்கள் அணுகாமல், தள்ளியிருந்து நடமாடட்டும். பின்னர் அண்ணாவே நாளும் அவனுக்குச் சோறு வைக்கட்டும். சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு விலகிப் போக வேண்டும். கண்ணுக்குள் பார்க்கவோ தலைக்கு மேலாகக் கையை நீட்டவோ கூடாது. மாலையில் அப்பாவோடு சேர்ந்து அவர்களும் ஒழுங்கையில் நடந்து வரட்டும். ஒரு கிழமையில் அவன் இவர்களை வீட்டுக்காரராக ஏற்காவிட்டாலும், திருடராகக் கருதமாட்டான்.

மூன்று வயதுக் குழந்தையை நாய்க்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டாம். நடுவில் வளர்ந்த ஒருவர் இருக்க வேண்டும். கழுத்தைக் கட்டிப்பிடிப்பது நமக்கு அன்பு. பெரும்பாலான நாய்களுக்கு அது பொறி. நித்திரை வராத நேரத்தில் கொட்டாவி விடுதல், உணவில்லாமலே நாக்கால் மூக்கை நக்குதல், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தல், வாலைக் கால்களுக்கிடையில் ஒடுக்குதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே நிறுத்தி அவனை மாமரத்தடிக்கு அனுப்பிவிடுங்கள். படத்தில் நாய் சிரிப்பதுபோலத் தெரிவது பல வேளைகளில் வெக்கையால் இளைப்பதுதான். நாய்க்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நாக்கை வெளியே விட்டு இளைத்துத்தான் சூட்டைக் குறைக்கிறது. பக்கத்தில் ஒரு சட்டியில் தண்ணீர் இருக்கட்டும்.

முதல் நாளே குளிப்பாட்டிவிடுங்கள். அன்றைக்கே குளிப்பாட்டினால் நேரே மண்ணில் புரளப் போய்விடுவான். அமைதிப்படுத்துவதற்காக யாராவது மாத்திரை கொடுக்கச் சொன்னால் மிருக வைத்தியரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். இவ்வருட விசர்நாய்த் தடுப்பூசி போடப்பட்டதா என்பதை அட்டையில் பாருங்கள். தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும் பல்லோ நகமோ பட்டுவிட்டால், காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுப் 15 நிமிடம் கழுவிவிட்டு அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மஞ்சள் பூசிவிட்டு வீட்டில் இருக்கக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் பெட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். சொக்லேற், உலர்ந்த முந்திரிகைப்பழம் கலந்த கேக், சீனிக்குப் பதிலாகச் சைலிற்றோல் சேர்த்த சுயிங்கம் ஆகியவை நாய்க்கு நஞ்சு. பிள்ளைகள் பாசத்தில்தான் கொடுப்பார்கள். ஆகவே வந்திறங்கிய அன்றே சொல்லி வையுங்கள்.

---

கோண்டாவில் மகள் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. தடுப்பூசி சித்திரையில் போட்டாயிற்று. வீடு கிழக்குப் பார்த்தது. ஒரு சிக்கல்தான் உண்டு. கொடியேறிய நாளிலிருந்து தீர்த்தம் முடியும்வரை எங்கள் வீட்டுக்குள் மச்சம் வராது. வீமனும் அந்த நாட்களில் சைவமே. அண்ணா திரும்பிப் போகும் பயணச்சீட்டோ தீர்த்தத்துக்கு மறுநாளுக்கு. கோழித் துண்டுக்கு என்ன செய்வது?

---

ஓய்வுபெற்ற கால்நடைப் போதனாசிரியர் எழுதியது:

தேங்காய்ச் சொட்டைச் சிறுசிறு துண்டுகளாக நறுக்கி வைத்திருங்கள். நம் ஊர் நாய்களில் அதற்கு மயங்காததை நான் கண்டது அரிது. கூடுதலாகக் கொடுத்தால் மட்டும் வயிறு இளகும். அவித்த வற்றாளங்கிழங்கும் நல்லது. வடையோ கறியோ கொடுக்காதீர்கள். வெங்காயம் நாய்க்கு ஆகாது.

---

ஏழாலைத் தமிழாசிரியர் எழுதியது:

அம்மாவின் தயக்கத்துக்கு யாரும் மறுமொழி சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். சூலம் நட்ட வைரவர் கோயில் இல்லாத ஒழுங்கையை நம் ஊர்களில் காண்பது கடினம். அந்த வைரவருக்கு நாய்தான் வாகனம் என்பதை அம்மாவுக்கு நீங்கள் சொல்லத் தேவையில்லை. அவருக்கு நன்றாகத் தெரியும். வாகனம் கோயிலில் இருப்பது வேறு, அம்மம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் இருப்பது வேறு என்று அவர் விடை சொன்னால், அதிலும் நியாயம் உண்டு. ஆகவே தத்துவத்தை விட்டு வரலாற்றைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது 7ஆம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் உருவத்துக்குப் பக்கத்தில் அவனுடைய நாயும் நிற்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லிலேயே பெயருடன் பொறித்திருக்கிறார்கள். ஒரு மனிதனை நினைவில் வைக்க வேண்டுமென்று ஊர் கூடிச் செய்த உருவத்தில் நாய்க்கும் இடம் கொடுத்தவர்கள் நம் மொழிக்காரர்தான்.

என் வீட்டுக் கதை சிறியது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு போரினால் வலிகாமமே வெளிக்கிட்டபோது நாங்களும் சைக்கிளில் தென்மராட்சிக்குப் போனோம். எங்கள் நாய் மணி கேற்றுக்கு உள்ளே நின்றது. இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில் ஒரு சட்டி சோறு வைத்துவிட்டுப் போனோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது சட்டி மட்டும் கிடந்தது. மணியின் படம் ஒன்றும் எங்களிடம் இல்லை. அக்காவின் சாமத்தியச் சடங்குப் படத்தின் ஓரத்தில், படப்பிடிப்பாளர் கவனிக்காமல் விட்ட ஒரு வால் நுனி தெரிகிறது. அது மணியினுடையது என்று நாங்கள் நம்புகிறோம்.

வீமன் கமராவைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. 1656இல் வெலாஸ்கஸ் வரைந்த ஸ்பானிய அரச குடும்பத்தின் புகழ்பெற்ற ஓவியத்திலும் முன்னால் ஒரு பெரிய நாய் படுத்திருக்கிறது; அரண்மனைக் குள்ளர் ஒருவர் காலால் அதை எழுப்பப் பார்க்கிறார், அதுவோ அரசரையும் பொருட்படுத்தாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கிறது.

---

கோண்டாவில் மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றியுடன் நடந்ததை எழுதுகிறேன். தேருக்கு மூன்று நாள் முன்னதாக, மாலை ஐந்தேகாலுக்குத் தொடங்கினோம். போதனாசிரியர் ஐயா சொன்னபடி அப்பாவும் வீமனும் முதலில் வந்து அமர்ந்தார்கள். ஒன்பது நாளாக அண்ணாவே சோறு வைத்திருந்ததால், அவர் பின்னால் வந்து நின்றபோது வீமன் வாலை ஒருமுறை பாயில் அடித்துவிட்டுப் படுத்துக்கொண்டான். அண்ணியை மறுகோடியில், பின்வரிசையில் நிறுத்தினோம். கடைக்குட்டி அவருடைய இடுப்பில் இருந்தான். கமராவுக்குப் பின்னால் தேங்காய்ச் சொட்டுடன் நிற்கும் பொறுப்பைப் பக்கத்து வீட்டு மாமி ஏற்றுக்கொண்டார். முதல் பன்னிரண்டு படங்களிலும் வீமன் மாமியின் கையைப் பார்க்கிறான். முகம் தெளிவாக, மீசை மயிர்கூடத் தெரிய விழுந்திருக்கிறது.

பதின்மூன்றாவது படத்தின்போது ஒழுங்கையில் ஐஸ்கிறீம் வண்டி பாட்டோடு வந்தது. வீமன் சட்டென்று எழுந்து, இரண்டு காதுகளையும் நிமிர்த்திக் கேற்றைப் பார்த்தான். பிள்ளைகள் அனைவரும் அதே திசையில் திரும்பினார்கள். அப்பா வீமனின் முதுகில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார், அண்ணியும் சிரித்தார். அம்மா மட்டும் அசையாமல் கமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் பிடித்தது அந்தப் படம்தான்.

வீமனை அனுப்பிவிட்டு எடுத்த படம், அம்மாவின் விருப்பப்படி, அம்மம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வீமன் நிற்கும் படத்தை அப்பா தன் சாய்மனைக் கதிரைக்கு நேரே மாட்டியிருக்கிறார். ஆசிரியர் ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கோவிவனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மணிக்கு வைத்த சட்டியைப் பற்றி மட்டும் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். கொழும்பிலிருக்கும் சித்திக்கு அனுப்புவதற்கு அவர் தேர்ந்தெடுத்தது ஐஸ்கிறீம் வண்டிப் படத்தையே. அதில் தன் சேலைக்கரை நன்றாக விழுந்திருப்பதுதான் காரணமாம்.

கடைசியாக ஒரு கேள்வி. வீமன் எழுந்தபோது அண்ணாவின் பட்டு வேட்டியில் ஒரு செம்மண் பாதம் முழுதாகப் பதிந்துவிட்டது. எலுமிச்சம்புளியும் சவர்க்காரமும் முயன்றாயிற்று. வேறு வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள். வேட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.